பராமரிப்பு இல்லப் பாதுகாப்பு (பிரிட்டன்)

முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லங்களில், வசிப்போருக்கும் பணியாளருக்கும் நேரக்கூடிய தீங்குகளை முன்கூட்டியே கண்டறிந்து தடுக்கும் நிர்வாக முறை.

வகைகள்: வழுக்கி விழுதல், வெந்நீர்க் காயம், சன்னல் வழியே விழுதல், ஆளைத் தூக்குகையில் பணியாளருக்கு ஏற்படும் முதுகுக் காயம், தொற்று, தீ ஆகியவை முதன்மை இடர்கள்.

நடைமுறை: குளியல் தொட்டிக் குழாயில் வரும் நீர் 44 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது. ஆனால் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகாதிருக்க, வெந்நீர் 60 பாகையில் சேமிக்கப்படுகிறது. குழாயருகே பொருத்தப்படும் வெப்பக் கலப்பு வால்வு இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்கிறது. விழும் அபாயமுள்ள மாடிச் சன்னல்கள் 100 மில்லிமீட்டருக்கு மேல் திறவாதபடி தடுப்பு பொருத்தப்படும். ஆளைத் தூக்கும் கருவிகள் பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதி பெற்றவரால் முழுமையாகச் சோதிக்கப்படும்.

வரலாறு: 1974ஆம் ஆண்டின் பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டம் இதன் அடிப்படை. கையால் சுமை தூக்குதல் பற்றிய விதிகள் 1992இலும், தூக்கும் கருவிகளுக்கான விதிகள் 1998இலும் வந்தன. 2015 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில், பதிவுபெற்ற இல்லங்களில் வசிப்போரின் பாதுகாப்பைப் பராமரிப்புத் தர ஆணையமும், பணியாளர் பாதுகாப்பை உடல்நல, பாதுகாப்பு நிர்வாக அமைப்பு அல்லது உள்ளாட்சி மன்றமும் கவனிக்கின்றன.

முக்கியத்துவம்: இல்லம் பணியிடமாகவும் வசிப்போரின் வீடாகவும் இருப்பதால், இடர் மதிப்பீட்டில் பாதுகாப்புடன் அவர்களது சுதந்திரமும் கருதப்படுகிறது.