சும்மா இருக்கிற நேரத்தின் வரலாறு

1

'வீட்டம்மா என்ன பண்றாங்க?' என்று கேட்டால் 'சும்மா வீட்லதான் இருக்காங்க' என்று பதில் வருகிறது. அந்தச் 'சும்மா'வுக்குள் சமையல், துவைப்பு, பிள்ளை, மாடு, கிழவனார் எல்லாம் அடக்கம். கோடை வந்தால் வற்றல், வடகம், ஊறுகாய், கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடுவது என்று பட்டியல் இன்னும் நீளும். இதில் கொஞ்சம் பார்வைக்கு அழகாய் அமைந்துவிட்டதைப் 'பொழுதுபோக்கு' என்கிறோம். அழகில்லாததை வேலை என்றுகூடச் சொல்வதில்லை.

மார்க்சிய அரங்குகளில் உழைப்பு நேரம் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். உபரி நேரம் யாருடையது என்று பேசியது குறைவு. பெண்ணியவாதிகள் வீட்டு உழைப்பைக் கணக்கில் கொண்டுவரப் போராடினார்கள். அது அவசியமான போராட்டம். ஆனால் அந்தக் கணக்கில் பெண்களின் சந்தோஷம் எந்தப் பத்தியில் எழுதப்படும் என்ற கேள்வி பாக்கியாக நிற்கிறது. எல்லாவற்றையும் சுரண்டல் என்று சொல்லி முடித்துவிட்டால், அந்தப் பெண்கள் தங்கள் கையால் எதையுமே தேர்ந்தெடுக்கவில்லை என்றாகிவிடும். எல்லாவற்றையும் ஆனந்தம் என்று சொன்னால் அது ஆண்டைகளின் பாட்டு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பொருளை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் 'க்வில்ட்' என்று சொல்கிற ஒட்டுப்போர்வை அது.

2

ஒட்டுப்போர்வை மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஓட்டுத் தையலால் ஊடுருவித் தைத்துப் பிணைக்கிறார்கள். முகப்பைத் துண்டு துண்டாகச் சேர்ப்பது மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் செய்யக்கூடிய வேலை. சட்டத்தில் போட்டுத் தைப்பதற்கு நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் நல்லது. அதனால் அது பேச்சு நடக்கிற இடமாகவும் ஆனது. இந்தக் கூடுகைக்கு ஆங்கிலத்தில் தேனீயின் பெயரை வைத்தார்கள்.

இந்தத் துணியின் வரலாற்றில் நம்ம கடற்கரைக்கும் பங்கு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிக்கு இங்கிலாந்தில் பெரிய மோகம். அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் எதிர்த்தார்கள். 1700இலும் 1721இலும் தடைச் சட்டங்கள் வந்தன. ஆங்கிலேய ஒட்டுத்துணி வேலைகளில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் இருக்கிறது. 1708 வாக்கில் செய்யப்பட்டது என்று கருதப்படும் அது இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது. கிடைப்பதற்கு அரிதான துணியில் ஒரு துணுக்கைக்கூடத் தூக்கிப் போட மனம் வராது.

இதே கரையின் பருத்தித் துணிதான் மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்குவதற்கான சரக்காகவும் போனது. ஒரு நெசவாளி இங்கே தறியில் உட்கார்ந்து நெய்த துணி அங்கே ஒரு மனுஷியின் விலையாக மாறியது. அவளுடைய பேத்திகள் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்தி பறித்தார்கள். எஜமானர்களுக்குத் துணி தைத்தார்கள், தங்களுக்குக் கிழிசலில் போர்வை தைத்துக்கொண்டார்கள். ஆக ஒட்டுப்போர்வையை 'எளிய கிராமியக் கலை' என்று சொல்கிறபோது, உலக வணிகத்தின் மிகச் சிக்கலான ஒரு முடிச்சை எளிமை என்ற சொல்லால் மூடிவிடுகிறோம்.

3

ஹாரியட் பவர்ஸ் 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1886இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திச் சந்தையில் அவர் தைத்த ஒரு போர்வை காட்சிக்கு வைக்கப்பட்டது. பைபிள் கதைகளைத் துணியில் வெட்டிய உருவங்களாக ஒட்டித் தைத்திருந்தார். ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தரவில்லை. சில வருஷங்கள் கழித்து வீட்டில் கஷ்டம் முற்றியபோது அவரே அதை எடுத்துக்கொண்டு போனார். கேட்டது 10 டாலர், கிடைத்தது 5 டாலர். விற்ற பிறகு அதைப் பார்ப்பதற்காகவே சில தடவை ஸ்மித்தின் வீட்டுக்கு வந்துபோனார்.

பிற்பாடு அவர் தைத்த இன்னொரு போர்வையில் பைபிள் கதைகளோடு நிஜச் சம்பவங்களும் உண்டு. 1780 மே 19 அன்று பகலே இருண்டுபோனது, 1833 நவம்பரில் விண்கற்கள் மழையாகப் பொழிந்தது. இரண்டுமே அவர் பிறப்பதற்கு முன் நடந்தவை. வாய்வழியாகக் கேட்ட செய்தியை அவர் துணியில் பதிவு செய்திருக்கிறார். எழுத்துமூல ஆவணம்தான் வரலாறு என்று அடம்பிடிக்கிறவர்கள் இதை என்ன செய்வார்கள்? முதல் போர்வை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலும், இரண்டாவது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயம். பவர்ஸ் எழுத்தறிவில்லாதவர் என்று ஒரு நூற்றாண்டுக் காலம் எல்லாரும் எழுதிவந்தார்கள். அவர் எழுதிய ஒரு கடிதத்தின் நகலைக் கைரா ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட நூலில் வெளிக்கொண்டுவந்தார். அடிமையாயிருந்த கறுப்புப் பெண், கையில் ஊசி, அப்படியென்றால் படிக்கத் தெரிந்திருக்காது. இந்த முடிவுக்கு யாருக்கும் சான்று தேவைப்படவில்லை. 'கள்ளமற்ற நாட்டுப்புறக் கலைஞர்' என்ற பிம்பத்துக்கு அது வசதியாகவும் இருந்தது.

4

அலபாமா ஆறு வளைந்து ஓடும் இடத்தில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ, கீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. 1816இல் ஜோசப் கீ என்பவர் அடிமைகளோடு வந்து பண்ணை போட்ட இடம். 1845இல் அது கடனுக்காக மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அவர் சுமார் 100 அடிமைகளை வட கரோலினாவிலிருந்து அலபாமா வரைக்கும் நடத்தியே கூட்டிவந்தார். இன்றைக்கும் அந்த ஊரில் பலருக்குப் பெட்வேதான் குடும்பப்பெயர். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்பு அதே நிலத்தில் அதே பருத்தியை வாரத்துக்குப் பயிரிட்டார்கள். 1932இல், கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்ததும், அவருடைய குடும்பத்தார் பாக்கிக்காக ஏறத்தாழ 60 வீடுகளில் ஏர், மாடு, கோழி, தானியம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தை ஜனங்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவில்தான் தாண்டினார்கள்.

இந்த ஊரில்தான் ஒட்டுப்போர்வை உயிரோடு இருந்தது. பலகைச் சுவரின் இடுக்கு வழியே காற்று வரும் வீட்டில் அது அலங்காரம் கிடையாது, குளிருக்கான கவசம். பஞ்சு அரவை ஆலையின் தரையில் கூட்டி எடுத்த கழிவுப் பஞ்சைக் குச்சியால் அடித்து உதறி நடுவில் வைத்தார்கள். முகப்புக்கு வயலில் உழைத்து நைந்த கால்சட்டை, மாவு மூட்டைத் துணி.

அப்படியானால் இதில் இன்பம் எங்கே வந்தது? பருத்திச் சாகுபடியில் ஒரு இடைவெளி உண்டு. கடைசிக் களை எடுத்து, மண் அணைத்து முடித்த பிறகு காய் வெடிக்கிற வரைக்கும் செடியைத் தொட வேண்டியதில்லை. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை, நம்ம கணக்கில் ஆடி மாசத்தை ஒட்டி. வெயில் உச்சத்தில் இருக்கிற இந்தச் சில வாரங்கள்தான் வாரக் குடியானவர்களுக்கு ஓரளவாவது சொந்தமான நேரம். அப்போதும் பெண்களுக்குத் தோட்டக் காய்களைப் புட்டியில் அடைப்பது, துவைப்பது என்று வேலை ஓயாது. ஆனாலும் வாசல் திண்ணையில் நிழலில் உட்கார்ந்து துணித் துண்டுகளை இப்படி வைத்து, அப்படி வைத்து, மாற்றிப் பார்க்க முடிந்தது. மேஸ்திரி நிற்கவில்லை, எடை போடவில்லை. சிவப்புக்குப் பக்கத்தில் நீலமா, வெள்ளையா? குளிருக்கு எந்த நிறமும் ஒன்றுதான். தேவை முடிகிற இடத்தில் தேர்வு தொடங்குகிறது. நான் இன்பம் என்று சொல்வது இந்தத் தேர்வைத்தான்.

1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண் இறந்துபோன தன் கணவரின் வேலைத்துணிகளை எல்லாம் வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதைப் போர்த்திக்கொள்வதற்காக என்று மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெளுத்த நீலம், சாம்பல், நடுநடுவே சிவப்பும் மஞ்சளும். துக்கத்தைக்கூட ஒரு நிற ஒழுங்கில் வைத்துப் பார்க்கிற மனசு அது.

நம்ம வீடுகளிலும் இது புதுசில்லை. என் அத்தை சித்திரை மதியங்களில் பழைய நூல்புடவைகளை நாலாக மடித்து, ஓரம் பிடித்து, ஓட்டுத் தையல் போட்டுப் பிள்ளைகளுக்கு விரிப்புத் தைப்பாள். எந்தப் புடவைக் கரை மேலே வரணும் என்பதில் அவளோடு யாரும் பேசி ஜெயிக்க முடியாது. வங்காளத்துக் கந்தாவும் நம் கந்தையும் ஒரே சொல்தான். அங்கே பழம்புடவையின் கரையிலிருந்தே நூலை உருவி அதனாலேயே பூ வேலை செய்தார்கள். தமிழில் 'தையல்' என்றால் பெண் என்றும் பொருள். நம் மொழி எதை எதோடு கட்டிவைத்திருக்கிறது என்று பாருங்கள்.

5

1965 தொடங்கும்போது கீஸ் பெண்ட் இருக்கும் வில்காக்ஸ் மாவட்டத்தில் கறுப்பர்களே பெரும்பான்மை. வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர் ஒருவர்கூட இல்லை. ஆற்றைக் கடந்து கேம்டன் நகரத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். 1962இலேயே படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. திரும்ப ஓடத் தொடங்கியது 2006இல். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கு வந்து பேசினார். வாக்குரிமை கேட்டவர்களில் பலர் வேலையை இழந்தார்கள், சிலர் குடியிருந்த வீட்டை இழந்தார்கள்.

அந்த டிசம்பரில் ஃபிரான்சிஸ் வால்ட்டர் என்ற பாதிரியார் அந்தப் பக்கம் போனபோது கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகளைப் பார்த்தார். 1966இல் 'ஃப்ரீடம் க்வில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவு உருவானது. விடுதலைக்காகச் சேர்ந்து தைப்பது என்று பொருள் கொள்ளலாம். அதே வருஷம் நியூயார்க்கில் ஏலம் நடந்தது. 1969இல் சொந்த நிலத்தில் தையல்கூடம் எழுந்தது. வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்த நிலத்திலேயே மனையும் கிடைத்தது. எஸ்டெல் விதர்ஸ்பூன் போன்ற பெண்கள் நிர்வாகம் செய்தார்கள். திண்ணையில் தைத்த போர்வை இப்போது குடியுரிமைப் போராட்டத்தின் முதுகெலும்புகளில் ஒன்று.

ஆனால் சந்தைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பெரிய கடைகள் ஒரே மாதிரி நூறு உருப்படி கேட்டன. கோணல் கூடாது, நினைத்தபடி நிறம் மாற்றக் கூடாது. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கிற ஒப்பந்தம் வந்தது. கூலி கிடைத்தது, அது சாமானிய விஷயமல்ல. அதே சமயம் திண்ணையில் இருந்த தேர்வு போய்விட்டது. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? ஒப்பந்த வேலையில் மிஞ்சிய கார்டுராய் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தங்களுக்கான போர்வைகளைத் தைத்தார்கள். இன்றைக்கு ரொம்பவும் வியக்கப்படுகிற கீஸ் பெண்ட் போர்வைகளில் அந்தக் கார்டுராய் போர்வைகளும் சேர்த்தி. சந்தைக்குத் தைத்த கையே வீட்டில் சந்தையின் விதியை மீறிப் பார்த்திருக்கிறது. அந்தக் கூட்டுறவு 2012இல் முடிவுக்கு வந்தது.

இன்னொரு பக்கம், 1971இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் ஒட்டுப்போர்வைகளை ஓவியம் போலச் சுவரில் மாட்டியது. நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பாராட்டினார்கள். தைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே பெயரில்லை. அதே அருங்காட்சியகத்தில் 2002இல் கீஸ் பெண்ட் போர்வைகள் தைத்தவர்களின் பெயரோடு வந்தன. 2006இல் 10 தபால்தலைகளும் வெளியாயின. 2007இல் தைத்த பெண்களில் சிலர் வருமானமும் உரிமையும் தங்களுக்கு முறையாக வரவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். மறுவருஷம் வழக்கு முடிவுக்கு வந்தது. 5 டாலரிலிருந்து இங்கே வரைக்கும் கேள்வி ஒன்றுதான்: பெயரைச் சுவரில் எழுதுகிறவர்கள் விலையை யாருக்கு எழுதுகிறார்கள்?

6

நம்மைப் போன்றவர்கள் இதில் சறுக்குவதற்கு ஒரு இடம் இருக்கிறது. தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்டப் போர்வை வடிவங்களில் ரகசியக் குறி வைத்தார்கள் என்று 1999இல் ஒரு புத்தகம் வந்தது. கதை பள்ளிக்கூடங்கள் வரைக்கும் பரவியது. வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்கவில்லை. தப்பி வந்தவர்களின் சாட்சியங்களில் அப்படி ஒரு குறிமுறை பற்றிப் பேச்சே இல்லை. இந்தக் கதை ஏன் இவ்வளவு பிடித்துப்போனது? போராட்டத்துக்குப் பயன்பட்டிருந்தால்தான் பெண்களின் கைவேலைக்கு மரியாதை என்று நாம் நினைக்கிறோம். வெறுமனே அழகுக்காக ஒரு அடிமைப் பெண் நிறம் தேர்ந்தாள் என்பது போதவில்லை.

ரோஸிகா பார்க்கர் 1984இல் எழுதிய நூலில் ஊசிவேலையின் இரட்டைத் தன்மையைக் காட்டினார். பெண்ணைத் தலைகுனிந்து உட்காரப் பழக்கியதும் அதுதான், அப்படி உட்கார்ந்தபடியே தனக்கென்று ஒரு வெளியை அவள் பிடித்துக்கொண்டதும் அதில்தான். சூசன் கிளாஸ்பெல் 1917இல் எழுதிய கதையில், கொலை நடந்த வீட்டில் ஆண்கள் தடயம் தேடி அலைகிறார்கள். பாதியில் நிற்கும் போர்வையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தையல் ஓரிடத்தில் திடீரென்று கோணிப்போயிருப்பதைப் பெண்கள் பார்த்து, அங்கே என்ன நடந்தது என்பதைப் படித்துவிடுகிறார்கள். சட்டத்துக்குத் தெரியாத வாசிப்பு அது. ஆலிஸ் வாக்கரின் 1973ஆம் வருஷக் கதை ஒன்றில் பாட்டியின் போர்வையைச் சுவரில் மாட்டப் படித்த மகள் கேட்கிறாள். கிராமத்து மகளோ போர்த்திக் கிழித்துவிடுவாள். தாய் கிராமத்து மகளுக்கே கொடுக்கிறாள். அந்த மகளுக்குத் தைக்கவும் தெரியும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கூலி கேட்பது, பெயர் கேட்பது, இரண்டும் நம் கோரிக்கைப் பட்டியலில் ஏற்கெனவே உண்டு. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன்: நேரம். உற்பத்திக்கும் சேராமல், குடும்பத்துக்கும் சேராமல், இயக்கத்துக்கும் சேராமல், சிவப்புக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று ஒருத்தி யோசித்துக்கொண்டிருக்கிற நேரம். நம் கூட்டங்களுக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை என்று பேசுவதற்கு முன்னால், அவர்கள் வந்திருக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை வீட்டில் யார் ஈடுகட்டுகிறார்கள் என்று ஒவ்வொரு தோழரும் தன் வீட்டில் கேட்டுவிட்டு வரட்டும்.