புதருக்குள் ஒரு சப்பைமூக்கு லாரி

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றி மற்ற நண்பர்கள் எப்படியும் எழுதிவிடுவார்கள். அடியேன் ஒரு லாரியைப் பற்றி எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் கனடா 8 லட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வண்டிகளைச் செய்தது. அவற்றில் ஏறக்குறைய பாதி 'கனடியன் மிலிட்டரி பேட்டர்ன்' வகை. ஃபோர்டும் செவர்லேயும் தொழிலில் ஜென்மப் பகையாளிகள். ஆனால் போர் வந்ததும் இரண்டும் ஒரே அமைப்பில் வண்டி கட்டின. எஞ்சின் மட்டும் அவரவருடையது: ஃபோர்டில் வி-8, செவர்லேயில் ஆறு சிலிண்டர். மூக்கைச் சப்பையாக்கியதால் சுமைக்கு இடம் கூடியது, கப்பலிலும் இடம் மிச்சம். (டிரைவர் பக்கத்தில் எஞ்சினை வைத்துக்கொண்டு வெந்தது தனிக்கதை!) பிற்பாடு வந்த 13ஆம் எண் கேபினில் முன்கண்ணாடி கீழ்ப்பக்கம் உள்வாங்கிச் சாய்ந்திருக்கும். வெயிலில் பளிச்சிட்டு எதிரி விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாதே!

ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் பர்மா எல்லையிலும் ஓடிய இந்த வகை வண்டிகள், போர் முடிந்ததும் 'மிலிட்டரி டிஸ்போஸல்' என்று விற்பனைக்கு வந்தன. அப்படி வந்த ஒன்றுதான் எங்கள் பேட்ச் நண்பரின் மலையடிவாரத் தோட்டத்தில் மரம் இழுத்து, உதிரிபாகம் கிடைக்காமல் நின்ற இடத்திலேயே நின்றுபோனது. உண்ணிப் புதர் மூடி, சேஸிஸ் நடுவே வேம்பு முளைத்துவிட்டது. காயலான் கடைக்காரர் எடைக்கு விலை பேசி முடித்த நேரத்தில் தான் நண்பர் எனக்குச் சொன்னார். "இதப் போயி எடுத்து என்னங்க பண்ணப் போறீங்க?" என்றார் மேஸ்திரி. நியாயமான கேள்விதான்.

டிராக்டரைக் கட்டி ஒரே இழுப்பாக இழுத்தால் வண்டி வராது, பாதி வண்டிதான் வரும். மரத்தை அடியோடு பிடுங்காமல் மேலும் கீழும் அறுத்தோம். மண்ணில் புதைந்த சக்கரங்களைச் சுற்றித் தோண்டிப் பலகை கொடுத்தோம். பிரேக் டிரம் இறுகியிருந்ததால் செயின் புளாக் போட்டு, சேஸிஸில் மட்டும் சங்கிலி மாட்டி, அங்குலம் அங்குலமாக நகர்த்தினோம். இரண்டு முழு நாள்!

மாணவத் தம்பிகளுக்கு ஒன்று. இந்தக் காலத்து இராணுவச் சக்கரங்கள் பல, இரண்டு பாதிகளை நட்டு போட்டுச் சேர்த்தவை. டயரில் காற்று இருக்கையில் அந்த நட்டைக் கழற்றினால் ரிம் பீரங்கிக் குண்டு மாதிரி பாயும். ஆள் பிழைக்க மாட்டான். முதலில் வால்வைப் பிடுங்குங்கள்.

டாஷ்போர்டுத் தகட்டில் 'சி60எல்' என்றிருந்தது. 'சி' செவர்லே, 60 ஹண்டர்வெயிட் என்றால் 3 டன், 'எல்' நீளச் சேஸிஸ். கூட வந்த பையன்கள் உற்சாகத்தில் கம்பி பிரஷ்ஷால் கதவைத் தேய்க்கக் கிளம்பினார்கள். "தொடாதீங்கப்பா!" என்று கத்தினேன். தோட்டத்துக்காரர் அடித்த நீலத்துக்கு அடியில் இராணுவப் பச்சை. அதன்மேல் வெள்ளையில் ஒரு எண். இந்த வண்டி எந்தப் படையில் ஓடியது என்பதற்கு எங்களிடம் உள்ள ஒரே சாட்சி அது. துருவை நீக்கிப் புதுப் பெயிண்ட் அடிப்பது எவருக்கும் முடியும். அழித்த எண்ணை யாரும் திருப்பி எழுத முடியாது.

ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிப் பார்த்ததில் முதல் எழுத்து 'எல்' என்று தெரிந்தது. பிரிட்டிஷ் இராணுவப் பதிவில் லாரிக்கு உரிய எழுத்து. அடுத்து வரும் இலக்கங்களில் இரண்டு இன்னும் நீலத்துக்கு அடியில்தான் இருக்கின்றன.