நடுவீட்டில் குழி தோண்டலாமா?

வாடகைக்கு வீடு தேடி அலைந்திருக்கிறீர்களா? ‘எத்தனை பேர்? சைவமா, அசைவமா? தண்ணி ரொம்ப செலவு பண்ணுவீங்களா?’ - வீட்டுக்காரர்களின் கேள்விகள் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். சேலத்தில் குகை, அம்மாபேட்டைப் பக்கம் கைத்தறி நெய்தவர்களுக்கோ, திருப்பிக் கேட்க ஒரு கேள்வி இருந்தது. ‘நடுவீட்டில் குழி தோண்டலாமா?’

பயப்படாதீர்கள், தறிக்குழி! தரையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதித்தால்தான் குழித்தறி ஓடும். எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்?

‘தறியை வேறெங்காவது போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?’ என்கிறீர்களா? இதே யோசனை ஒரு வெள்ளைக்காரருக்கும் வந்தது. அவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டவர். 1906 வாக்கில் சேலத்தில் அரசாங்கச் செலவிலேயே கைத்தறிக் கூடம் ஒன்றைத் திறந்தார். புதுவகைத் தறி, கூலி, எல்லாம் தயார். ஆனால், நெசவாளர்கள் ஒழுங்காக வரவில்லை! 1910-ல், ‘அரசாங்கத்துக்கு எதற்கு இந்தத் தொழிலெல்லாம்?’ என்ற ரீதியில் லண்டனிலிருந்து மார்லி பிரபுவும் முட்டுக்கட்டை போட, கூடம் கதை முடிந்தது.

ஏன் வரவில்லை? வீட்டில் நெய்தால் மனைவி தார் சுற்றுவார், பிள்ளைகள் நூல் எடுத்துக் கொடுப்பார்கள். நினைத்த நேரத்தில் தறியில் உட்காரலாம். அந்த வீடுதான் அவர்களுடைய தொழிற்சாலை! எனவே, சொந்தக் கூரை என்பது நெசவாளிக்கு அந்தஸ்து அல்ல, தறியைப் போல அதுவும் ஒரு கருவி.

சரி, அந்தக் கூரைக்குப் பணம்?

1977-ல் எச்.டி.எஃப்.சி. பிறந்த பிறகு, மாதச் சம்பளக்காரர்களுக்கு வீட்டுக்கடன் என்னும் கதவு மெல்லத் திறந்தது. 1981-ல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையின் ஊழியரிடம் சம்பளச் சீட்டு உண்டு. அதே அளவு சம்பாதிக்கும் தறிக்காரரிடம்? கூலி உண்டு, சீட்டு கிடையாது. நாமக்கல்லில் இன்னொரு கதை. அங்கே லாரியை அடமானமாக வைத்தே லாரிக்குக் கடன் வாங்கலாம். எனவே பலருக்கு முதலில் லாரி, அப்புறம்தான் வீடு!

சீட்டு இல்லாதவர்களுக்கு நம்மூர் கண்டுபிடித்த வழி, போக்கியம். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். வட்டிக்கு வாடகை சரியாகப் போய்விடும். ஆனால், அந்த மொத்தத் தொகையை எங்கே புரட்டுவது?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு 87 குடும்பங்களுக்குச் சொந்த வீடு. பணக்கார சுவிட்சர்லாந்திலோ பாதிக்கு மேல் வாடகைக் குடித்தனம்! பெருமைப்படுவதற்கு முன் ஒரு விஷயம்: நம் கணக்கில் ஓலைக் குடிசையும் சொந்த வீடுதான்.

‘இத்தனை வருஷம் சம்பாதிச்சும் ஒரு வீடு கட்டலையா?’ என்று இனி யாரையாவது கேட்கத் தோன்றினால், கொஞ்சம் பொறுங்கள். அவரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.