‘கௌரவக் கொலை’ என்னும் பிழையான சொல்

சாதி மறுத்து மணந்தோரைக் குடும்பத்தாரே கொல்வதை நாளிதழ்கள் நெடுங்காலம் ‘கௌரவக் கொலை’ என்றே எழுதின. ஆங்கிலத்திலிருந்து வந்த இச்சொல், கொலையாளியின் தன்விளக்கத்தையே செய்தியின் மொழியாக்கிவிடுகிறது. ‘ஆணவக் கொலை’ எனச் சொல்லுமாறு சாதி எதிர்ப்பு இயக்கங்கள் வலியுறுத்துவது இதனாலேயே. 2006இல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இக்கொலைகளில் கௌரவம் ஏதுமில்லை என்றது.

விருத்தாசலம் அருகே 2003 ஜூலையில் கொல்லப்பட்ட முருகேசன், கண்ணகி வழக்கைப் பாருங்கள். முருகேசன் பொறியியல் படித்த தலித் இளைஞர்; கண்ணகி வன்னியர். இருவருக்கும் நஞ்சூட்டிக் கொன்று உடல்களை எரித்தனர். பெருமைக்குரிய செயலாயின் தடயத்தை அழிப்பானேன்? ஊருக்குத் தெரியவேண்டும், சட்டத்துக்குத் தெரியக்கூடாது என்பதே கொன்றவர்களின் கணக்கு. காவல்துறையினர் சிலரும் அதற்குத் துணைபோயினர்: சிபிஐ விசாரித்த இவ்வழக்கில் 2021இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்த 13 பேரில் காவல் அதிகாரிகள் இருவர். குற்றவாளிகளின் மேல்முறையீட்டை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதுவரை ஏறத்தாழ 22 ஆண்டுகள் முருகேசனின் குடும்பம் நீதிக்காகப் போராடியது. மானமுள்ள நடத்தை எதுவென்று கேட்போர் இதையன்றோ முதலில் சுட்டவேண்டும்?

உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அவருடன் வெட்டுண்டு உயிர்தப்பிய மனைவி கௌசல்யா, தம் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017இல் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட அறுவருக்கு மரண தண்டனை விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது. சட்டப் போராட்டம் தொடரும் என்று அப்போதும் கௌசல்யா அறிவித்தார்.