உட்காரும் உரிமைக்கு வயசு என்ன?

1/ ஹோட்டல்ல தோசைக்கல் முன்னாடி நிக்கிற மாஸ்டர், பரிமாறுற அண்ணன்... இவங்க கெண்டைக்கால்ல நீலமா சுருண்டு புடைச்சிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. நரம்பு சுருட்டல்னு சொல்றோம். உண்மையில அது நரம்பு இல்ல, சிரை. இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோற குழாய்.

2/ சிரைக்குள்ள வால்வுகள் இருக்குன்னு 1603-ல இத்தாலியின் பதுவா நகரப் பேராசிரியர் ஃபாப்ரிசியஸ் படம் போட்டே காட்டினார். அது எதுக்குன்னு 1628-ல விளக்கினது அவரோட மாணவர் வில்லியம் ஹார்வி: ரத்தம் இதயத்தை நோக்கி மட்டும் போகணும், திரும்பி வரக்கூடாது.

3/ சரி, மேலே தள்ளுறது யாரு? கெண்டைக்கால் தசை. நடந்தா பிழிஞ்சு தள்ளும். ஒரே இடத்துல நின்னா ரத்தம் தேங்கும், சிரை விரியும், வால்வு சரியா மூடாது. அப்புறம் வீக்கம், தோல் கருக்கிறது, கணுக்கால் பக்கம் ஆறாத புண். பரம்பரை, கர்ப்பம், உடல் எடையும் காரணம்தான். நின்னுக்கிட்டே செய்யுற வேலை அதை இன்னும் மோசமாக்கும்.

4/ பிரிட்டனில் 1899-லேயே சட்டம் வந்துச்சு: கடையில மூணு பெண் ஊழியருக்கு ஒரு இருக்கை. நம்ம பக்கம்? கோழிக்கோடு கடைப் பெண்கள் பல வருஷம் போராடின பிறகு, 2018-ல கேரளா. 2021-ல தமிழ்நாடு.

5/ முதலாளிகளே, ஒரு ஸ்டூல் போடுங்க. நிக்கிறவங்களே, அப்பப்போ குதிகாலைத் தூக்கி இறக்குங்க. புண் வந்தா தள்ளிப்போடாம டாக்டரைப் பாருங்க. சாப்பிடப் போறவங்களே, சப்ளையர் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தா முகம் சுளிக்காதீங்க. அது சோம்பேறித்தனம் இல்ல, அவரோட உரிமை.