தைத்ததைப் பிடுங்கலாமா?

பனியன் நகரமாகிய திருப்பூரில் புதிய கட்டடங்கள் ஓயாது எழும்புகின்றன. சாரத்தினின்று விழுந்த ஒருவரின் உடலில் கம்பி ஏறி நின்றால், கூடியோரின் கை முதலில் அதைப் பிடுங்கவே நீளும். இரக்கத்தால் நீளும் கைதான். ஆயினும் உயிரைப் போக்கிவிடக்கூடிய கை. பிடுங்குவதா, விட்டுவைப்பதா என்னும் இக்கேள்வி நம் வரலாற்றுக்குப் புதிதன்று.

ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) நடந்த உஹதுப் போரில், தலைக்கவசத்தின் வளையங்கள் இரண்டு பெருமானார் (ஸல்) அவர்களின் கன்னத்தில் புதைந்தன. கையால் இழுத்தால் நோகுமே என்று அஞ்சிய அபூ உபைதா (ரலி) அவர்கள் பல்லால் கவ்வி எடுத்தார்கள். வளையத்துக்கு ஒன்றாக முன்பற்கள் இரண்டு விழுந்தன. குருதி நிற்காமை கண்ட பாத்திமா நாயகி (ரலி) அவர்கள், பாயை எரித்துச் சாம்பலை அப்பி அடக்கினார்கள். கன்னமாதலின் இது இயன்றது. மூச்சை அடைக்குமாறு கன்னத்தில் தைத்ததை எடுக்க இன்றைய முதலுதவியும் இடந்தருகிறது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் 644இல் வயிற்றில் குத்துண்டபோது, முதலில் பழ ஊறல் நீரும் பின்னர்ப் பாலும் பருகக் கொடுத்தனர். பால் காயத்தின் வழியே வெளிவந்தது. பிழைப்பது அரிது எனத் தெளிந்தனர். உள்ளே கிழிந்ததை அறிய அன்று வேறு வழியில்லை. இன்று ஸ்கேன் உண்டு. மயக்க மருந்து பெறவேண்டியவருக்குத் தண்ணீரும் புகட்டலாகாது. நாமோ ஓடிப்போய்ச் சோடா வாங்கி வருகிறோம்!

இதனைக் கலையாக வகுத்தவர் குர்துபாவை அடுத்த ஸஹ்ரா நகரின் அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி. 30 பகுதிகள் கொண்ட அவரது ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் அம்பெடுப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. எந்த உறுப்பில் தைத்தால் என்ன குறி தோன்றும், வந்த வழியே இழுப்பதா, மறுபுறம் தள்ளுவதா என்றெல்லாம் ஆராய்கிறார். அசையாத அம்பைச் சில நாள் விட்டுவைக்கவும் சொல்கிறார். நமக்கு வியப்பளிப்பது அந்தப் பொறுமையே. மூக்கடியில், கண்ணின் முனையில் தைத்த ஓர் அம்பை மறுபுறம் காதுமடலின் கீழே எடுத்தார், கண்ணுக்குக் கேடில்லை.

இன்றைய அறுவை மருத்துவர் விட்டுவைப்பதற்குக் காரணம் வேறு. கிழிந்த குருதிக்குழாய்க்கு அக்கம்பியே தக்கையாக நிற்கக்கூடும். மார்பையோ வயிற்றையோ திறந்து, குழாயைக் கட்டுக்குள் கொண்டுவந்த பின்னரே, கண்ணெதிரே அதை உருவுகின்றனர். கம்பி நீண்டதாயின் தீயணைப்புத் துறையினர் உடலுக்கு வெளியே வெட்டிவிடுவர்.

திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. 108 ஆம்புலன்ஸ் தமிழகத்தில் 2008 முதல் ஓடுகிறது. அது வந்து சேரும்வரை கம்பி அசையாதபடி, இருமருங்கிலும் துணிச்சுருள்களை அணைத்துக் கட்டவேண்டும். சுத்தமான பனியன் துணிக்கு இவ்வூரில் பஞ்சமில்லை.