ஏரி எங்கே போச்சு?

மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. எந்த மாடியில் ஏறிப் பார்த்தாலும் ஏரி மட்டும் தெரியாது! ஒரு காலத்தில் தெரிந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த 'லாங் டேங்க்' அது. வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டிகூட நடத்தினார்கள். 1920-களில், ஊர் பெருகுகிறது, வீட்டுமனை வேண்டும் என்று ஏரியைத் தூர்த்தார்கள். தி.நகர் பிறந்தது!

மழை பழைய விலாசத்தை மறக்குமா? 2015 டிசம்பரில் மாம்பலத்து வீடுகளுக்குள்ளேயே வந்து நின்றது. 2019 கோடையிலோ, குடத்தோடு லாரிக்குக் காத்துக்கிடந்தோம். வந்த தண்ணீரைப் பிடித்துவைக்க இடமில்லை, அவ்வளவுதான்!

2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மொட்டைமாடி மழையை மண்ணுக்குள் இறக்கும் அந்தக் குழி, உங்கள் வீட்டில் தூர்ந்து கிடக்கிறதா? ஐப்பசிக்கு முன்னால் ஒரு நடை பார்த்துடுங்க சார். தூர்த்த ஏரியில் உங்கள் பங்கு அதுதான்!